முகமூடி விருந்துக்குத் தோழி கூப்பிடுகிறார்: புடவை கட்டலாமா, மூக்குக்கண்ணாடியை என்ன செய்வது?

இரவுப்பணி · வியாழன், காலை 9.12

நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே வந்துவிட்டேன்.

நான் நாகர்கோவில்காரி. யார்க்‌ஷயரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக மூன்றாவது வருடம். எங்கள் வார்டில் உதவியாளராக இருக்கும் வெள்ளைக்கார அம்மா ஒருவர், வயது 58, இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் தோழி. வந்த புதிதில் குளிர்கோட்டு வாங்கக் கடை கடையாக என்னை இழுத்துக்கொண்டு அலைந்தவர். அவர் நேற்று அடுத்த ஷிஃப்டுக்கு வேலையை ஒப்படைக்கும் ஹேண்டோவர் நடக்கும்போதே ஒரு அட்டையை என் பாக்கெட்டில் செருகிவிட்டுப் போனார். நவம்பர் கடைசி சனிக்கிழமை, ஊரிலுள்ள ஹாஸ்பிஸுக்கு, அதாவது இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இடத்துக்கு, பணம் திரட்ட ஒரு ஹோட்டலில் மாஸ்கரேட் பால். முகமூடி போட்டுக்கொண்டு சாப்பிட்டு ஆடும் விருந்து. தலைக்கு 75 பவுண்டு. பத்துப் பேர் மேசையில் ஒரு இடம் காலி, நீ வருகிறாய் என்றார். வருகிறாயா என்று கேட்கவே இல்லை.

அட்டையில் "பிளாக் டை, முகமூடி அவசியம்" என்று இருக்கிறது. பிளாக் டை என்றால் முறையான மாலை விருந்து உடையாம். அதற்குக் கீழே "கேரேஜஸ் 12.30". நள்ளிரவுக்கு மேல் யார் எனக்குக் குதிரைவண்டி அனுப்பப்போகிறார்கள்?

எனக்கு மைனஸ் ஐந்து. கண்ணாடி இல்லாவிட்டால் தட்டில் இருப்பது கோழியா காலிஃப்ளவரா என்று தெரியாது. கண்ணாடிக்கு மேலே முகமூடியா, முகமூடிக்கு மேலே கண்ணாடியா? கவுன் என்னிடம் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. பட்டுப்புடவை கட்டினால் வேஷம் போட்டதாக நினைப்பார்களா?

அம்மாவிடம் போனில் சொன்னேன். "மூஞ்சிய மூடிக்கிட்டு போறவன் கொள்ளைக்காரன்தான், நீ எதுக்குடி?" என்கிறாள். கொரோனா சமயத்தில் ஊரில் பி.பி.இ. உடைக்குள் வெந்து, மூக்குத்தண்டில் என்95 தழும்போடு வீட்டுக்கு வந்தவள் நான். இப்போது 75 பவுண்டு கொடுத்து முகமூடி போட வேண்டுமா என்று எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கூப்பிட்டு மறுக்க மனம் வரவில்லை.

பதினான்காம் மேசை · வியாழன், காலை 10.40

தங்கச்சி, குதிரை எல்லாம் வராது. "கேரேஜஸ் 12.30" என்றால் பன்னிரண்டரைக்கு விருந்து முடிந்தது, உங்கள் டாக்ஸியை நீங்களே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள் என்று நாகரிகமாகச் சொல்வது. வண்டி ஓட்டிய காலத்துப் பேச்சு, அட்டையில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. டாக்ஸியை ஒரு வாரம் முன்னால் புக் செய்யுங்கள். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவார்கள்.

நான் பர்மிங்ஹாமில் ஒரு ஹோட்டலில் பெரிய விருந்துகளைக் கவனிக்கும் பேங்க்வெட்டிங் பக்கம் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இப்படிப்பட்ட விருந்துகளில் தட்டு எடுத்து எடுத்தே முதுகு போனது. எல்லாம் ஒரே அச்சுத்தான். ஏழு மணிக்கு வாசலில் ஒரு கிளாஸ் புரோசெக்கோ ஒயின். குடிக்காதவர்களுக்கு ஆரஞ்சு ஜூஸ் தட்டின் ஓரத்தில் இருக்கும், கூச்சப்படாமல் எடுங்கள். எட்டுக்குள் உட்கார வைப்போம். மூன்று கோர்ஸ் சாப்பாடு. சைவம் என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அன்றிரவு சொன்னால் சமையலறையில் எல்லாருக்கும் தலைவலி. நடுவே ஒரு விளையாட்டு, ஒரு பேச்சு, ஏலம், ராஃபிள் என்ற பரிசுச்சீட்டுக் குலுக்கல். பத்தரைக்குமேல் பாட்டும் ஆட்டமும்.

ஒரு ரகசியம். சூப் வரும்போதே முக்கால்வாசிப் பேர் முகமூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்கள். காலையில் துப்புரவு செய்யும்போது நாற்காலிக்கு அடியில் கொத்துக் கொத்தாகப் பொறுக்குவோம். முகமூடிக்காக 40 பவுண்டு செலவு செய்யாதீர்கள்.

வல்லைவெளி · வியாழன், பகல் 1.05

புடவையைக் கட்டிக்கொண்டு போங்கோ, ரெண்டாவது யோசனை வேண்டாம். பிளாக் டை என்பது ஆம்பிளையளுக்குத்தான் இறுக்கமான விதி. பொம்பிளையளுக்கு நீட்டு உடுப்பு என்றால் சரி, பட்டுச்சீலை அதைவிட ஒரு படி மேல். நான் லண்டனில் மூன்று தரம் இப்படிப் போயிருக்கிறன், ஒருத்தரும் வேஷம் என்று நினைக்கேல்லை. என்ன, கழிவறை வரிசையில் நிற்கிற எல்லாரும் துணியைத் தொட்டுப் பாப்பினம். அதுக்குத் தயாராய்ப் போங்கோ.

முந்தானையைத் தோளில் மடிச்சுக் குத்துங்கோ. விட்டுப் போட்டால் ஆடுற நேரம் பக்கத்து மேசை மெழுகுதிரியில் போய் விழும். ஊசி நாலு கூடுதலாய்க் கைப்பையில் இருக்கட்டும். பிளவுஸுக்கு உள்ளே தெர்மல். நவம்பர் யார்க்‌ஷயர், சொல்லிப்போட்டன்.

கண்ணாடிக்கு வழி: குச்சி வைச்ச முகமூடி. கையில் பிடிச்சு முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிப்போட்டு இறக்கலாம். படம் எடுக்கேக்குள்ள மட்டும் தூக்கினால் போதும்.

கணக்குப்பிள்ளை · வியாழன், மாலை 6.30

யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். 75 பவுண்டை நேராக அந்த ஹாஸ்பிஸுக்கே அனுப்பினால் என்ன?

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். 75-இல் சாப்பாடு, ஹால், பாட்டுக்காரர்கள், மேசை அலங்காரம் என்று 50 போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 25. அதே 75-ஐ நன்கொடையாகக் கொடுத்து கிஃப்ட் எய்ட் படிவத்தில் டிக் செய்தால், நீங்கள் கட்டிய வருமான வரியிலிருந்து பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசாங்கம் சேர்த்துக் கொடுக்கும். 75 என்பது 93.75 ஆகிவிடும். டிக்கெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் பதிலுக்கு நீங்கள் சாப்பாடு வாங்கிக்கொள்கிறீர்கள். 25 எங்கே, 93.75 எங்கே?

தர்மம் செய்ய முகமூடி எதற்கு? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இங்கே பாட்டு வைத்துப் படம் எடுத்து ஊருக்கே தெரிய வைக்கிறார்கள்.

பதினான்காம் மேசை · வியாழன், இரவு 11.50

பிள்ளைவாள், கணக்கு சரி, ஆனால் கணக்கில் பாதியை விட்டுவிட்டீர்கள். டிக்கெட் காசில் சம்பாதிக்கலாம் என்று எந்த அமைப்பாளரும் நினைப்பதில்லை. டிக்கெட் ஹால் செலவைத் தாங்கினால் போதும். பணம் வருவது ராத்திரி ஒன்பது மணிக்கு மேலே, வயிறும் கிளாஸும் நிறைந்த பிறகு. ஏலத்தில் ஒரு வாரம் கடலோர வீட்டில் தங்கும் வாய்ப்பை உள்ளூர் கட்டட கான்ட்ராக்டர் ரெண்டு பேர் மல்லுக்கட்டி ஏற்றிக்கொண்டே போவதை நான் சுவரோரம் நின்று பார்த்திருக்கிறேன். அவர்கள் இருவரும் வீட்டில் உட்கார்ந்து நன்கொடைப் படிவம் நிரப்புகிற ஜாதி இல்லை.

ஆனால் ஏலத்தில் ஒரு சூட்சுமம் உண்டு, தங்கச்சியும் தெரிந்துகொள்ளட்டும். கையெழுத்துப் போட்ட ஜெர்சி, கண்ணாடிச் சட்டத்தில் கிட்டார் என்று வருமே, அவை எல்லாமே தானமாக வந்தவை இல்லை. சிலவற்றை அதற்கென்றே இருக்கும் வியாபாரிகள் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு அடிமட்ட விலை. அதற்குமேல் போனதுதான் தர்மத்துக்கு. உள்ளூர் பேக்கரிக்காரர் கொடுத்த கேக் கூடை என்றால் முழுப்பணமும் போய்ச்சேரும். நான் கேக் கூடைக்குத்தான் கை தூக்குவேன்.

கணக்குப்பிள்ளை · வெள்ளி, காலை 7.15

அந்த அடிமட்ட விலை விஷயம் எனக்கே புதிது. நன்றி.

இன்னொன்று. ஏலத்தில் ஒரு பொருளின் சந்தை விலை இன்னது என்று தெரிந்தே அதற்குமேல் கொடுத்தால், அந்தக் கூடுதல் தொகை கிஃப்ட் எய்டில் வரும். ராஃபிள் டிக்கெட் வராது, அது லாட்டரி. அதோடு, அங்கேயே சீட்டு விற்று நடத்தும் ராஃபிளில் வசூலான பணத்திலிருந்து பரிசு வாங்க 500 பவுண்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதனால்தான் பரிசெல்லாம் தானமாக வந்த பிஸ்கட் டப்பாவும் ஷெர்ரி ஒயின் பாட்டிலுமாக இருக்கும்.

அந்த ஹாஸ்பிஸின் பெயரை, தர்ம அமைப்புகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் சாரிட்டி கமிஷன் தளத்தில் போட்டால் ஆண்டுக் கணக்கு வரும். நிதி திரட்ட எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு என்று தனித்தனி வரி இருக்கும். போவதற்கு முன் பார்த்துவிட்டுப் போங்கள். நான் போகாதே என்று சொல்லவில்லை.

இரவுப்பணி · வெள்ளி, காலை 9.40

பார்த்தேன் அண்ணா. நிதி திரட்டிய செலவு உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களுக்கு அரசாங்கம் கொடுப்பது சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் பழைய துணி விற்கும் கடை, மாரத்தான், உயில், இந்த மாதிரி விருந்து. நோயாளியிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. நர்சிங் படிக்கும்போது, நவீன ஹாஸ்பிஸைத் தொடங்கியவர் சிசிலி சாண்டர்ஸ், 1967, லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். அந்த அம்மாள் தொடங்கி வைத்தது இன்றைக்கும் கேக் விற்றுத்தான் ஓடுகிறது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை.

காகிதக்கூழ் · வெள்ளி, மாலை 4.20

முகமூடி என்றதும் வந்துவிட்டேன். ஓவிய ஆசிரியை, சிங்கப்பூர். நவராத்திரிக்குக் காகிதக்கூழ் பொம்மை செய்து செய்து, அதே கூழில் வெனிஸில் முகமூடி செய்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு வாரம் அங்கே போய் ஒரு பட்டறையில் கற்றுக்கொண்டேன். நம் ஊர் பொம்மை மாதிரியே அச்சுக்குள் ஈரத்தாளை ஒட்டி ஒட்டி, காய்ந்ததும் பிரித்து, வெள்ளை பூசித் தேய்த்து, பிறகு வண்ணம். வெனிஸில் முகமூடிக் கைவினைஞர்களுக்கு 1436-லேயே தனிச் சங்க விதிகள் இருந்தன. 1797-இல் வெனிஸ் குடியரசு விழுந்ததோடு, முகமூடி போட்டுக் கொண்டாடும் கார்னிவல் திருவிழாவும் படுத்துவிட்டது. இப்போது நாம் படத்தில் பார்க்கும் கார்னிவல் 1979-இல் மறுபடி எழுப்பியது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாதி முகத்தை மட்டும் மூடுவதற்குப் பெயர் கொலம்பினா. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். பௌட்டா என்று ஒன்று முழு முகத்தையும் மூடும், ஆனால் கீழ்ப்பகுதி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், கழற்றாமலே சாப்பிடலாம், குடிக்கலாம். அந்தக் காலத்து ஆளுக்கு வயிறு பற்றிய கவலை இருந்திருக்கிறது. மொரெட்டா என்று பெண்களுக்கு ஒன்று: கறுப்பு வெல்வெட், நாடா கிடையாது, உட்பக்கம் ஒரு பொத்தான், அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதாவது போட்டிருக்கும்வரை பேச முடியாது. யார் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மலிவு விலை சாட்டின் முகமூடி வாங்கினால் உள்பக்கம் ஒரு மெல்லிய பருத்தித் துணி ஒட்டிவிடுங்கள். வியர்த்தால் சாயம் இறங்கும்.

பழந்தாள் · வெள்ளி, இரவு 10.05

கணக்குப்பிள்ளை கேட்ட கேள்வி 1842-லேயே கேட்கப்பட்டதுதான். அந்த வருடம் மே 12-ஆம் தேதி பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா ராணி ஒரு வேஷ விருந்து நடத்தினார். அவர் கணவர் ஆல்பர்ட் பழைய இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டாகவும், ராணி அந்த எட்வர்டின் மனைவி ஃபிலிப்பாவாகவும் வந்தார்கள். வேலையில்லாமல் கிடந்த லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதிப் பட்டு நெசவாளர்களுக்குப் பிழைப்புக் கிடைக்கட்டும் என்பதுதான் காரணமாகச் சொன்னது. விருந்தாளிகள் எல்லாரும் புதுப்பட்டு நெய்து வாங்கியாக வேண்டுமே. ஏழைக்கு உதவ இவ்வளவு ஆடம்பரமா என்று அன்றைக்கும் பத்திரிகைகள் கிண்டல் செய்தன. ஒரு ராத்திரி விருந்தில் தறி எத்தனை நாள் ஓடும் என்பது நியாயமான கேள்வி.

அதற்கும் முன்னால் லண்டனில் முகமூடி விருந்து என்றால் தர்மம் இல்லை, வியாபாரம். ஹைடெகர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1710-களிலிருந்து ஹேமார்க்கெட் நாடக அரங்கில் டிக்கெட் போட்டு நடத்தினார். பிரபுவும் தையல்காரியும் ஒரே கூடத்தில் யார் யாரென்று தெரியாமல் பேசலாம் என்பதுதான் கவர்ச்சி. 1724-இல் லண்டன் பிஷப் அதைக் கண்டித்துப் பிரசங்கமே செய்தார். அப்புறமும் கூட்டம் குறையவில்லை.

முகமூடி ஆளை மறைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஸ்வீடன் அரசர் மூன்றாம் குஸ்தாவ் 1792 மார்ச் 16 அன்று ஸ்டாக்ஹோம் ஆபரா அரங்கில் முகமூடி விருந்துக்குப் போனார். உயிருக்கு ஆபத்து என்று மொட்டைக் கடிதம் வந்தும் போனார். முகத்தை மூடியவர், நெஞ்சில் மின்னிய விருதுப் பதக்கத்தை மூடவில்லை. அதை வைத்து அடையாளம் கண்டு சுட்டார்கள். பதின்மூன்று நாள் கழித்து இறந்தார். உங்கள் பட்டுப்புடவை அந்தப் பதக்கம் மாதிரிதான், தூரத்திலிருந்தே தெரியும்.

வல்லைவெளி · வெள்ளி, இரவு 10.20

ஐயோ, பிள்ளை சாப்பிடப் போகுது, நீங்கள் சுடுற கதை சொல்லுறியள்.

காவிரிக்கரை · சனி, காலை 6.00

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் வேஷம் கட்டுபவர் போடும் முகமூடிக்குப் பூஜை உண்டு. போடுகிறவர் அன்றைக்கு விரதம். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த முகம் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது, தினமும் எங்களோடு பேசுகிற மாமாதான் அது என்று தெரிந்தும் அழுதேன். முகமூடி என்றால் எனக்கு அதுதான். நாற்காலிக்கு அடியில் கொத்துக் கொத்தாக என்று படித்தபோது மனசு என்னவோ செய்தது.

இரவுப்பணி · திங்கள், பகல் 12.25

போய்விட்டு வந்துவிட்டேன். நீளமாக எழுதப்போகிறேன், தேநீர் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

வல்லைவெளி அக்கா சொன்ன குச்சி முகமூடி கடையில் கிடைக்கவில்லை. தோழியிடம் சொன்னேன். மறுநாளே ஒரு பவுண்டுக் கடையில் கறுப்புக் கொலம்பினா வாங்கி, அதன் ஓரத்தில் தன் பின்னல் ஊசி ஒன்றைச் சூடான பசையால் ஒட்டி, தங்க வண்ணம் அடித்து எடுத்துவந்தார். நான்கு மில்லிமீட்டர் ஊசி. ஜோடியில் மிச்சம் இருக்கும் ஒற்றை ஊசியை வைத்து இனி என்ன பின்னுவீர்கள் என்று கேட்டதற்கு, "ஸ்கார்ஃப் பின்னியது போதும், லவ்" என்றார். இந்த ஊரில் பஸ் டிரைவரும் நம்மை லவ் என்றுதான் கூப்பிடுவார், பதற வேண்டாம்.

மாம்பழ நிறக் காஞ்சிபுரம், அரக்கு பார்டர், கல்யாணத்துக்கு எடுத்தது. உள்ளே நுழைந்தால் கூடம் முழுக்கக் கறுப்பு, கரும்பச்சை, கருநீலம். நடுவில் நான் மட்டும் மாம்பழம். பழந்தாள் ஐயா, நான்தான் குஸ்தாவ். கோட்டைக் கழற்றி க்ளோக்ரூமில் கொடுப்பதற்குள் வார்டு ஆட்கள் நாலு பேர் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குத்தான் யாரையும் தெரியவில்லை. இறகு வைத்த ஒரு உயரமான ஆள் கிட்ட வந்து, "நாம் இதற்கு முன்னால் சந்தித்திருக்கிறோமா?" என்று கேட்டார். குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். வாரத்தில் மூன்று நாள் நான் கூடவே ரவுண்ட்ஸ் போகும் டாக்டர். அப்போது என் முகத்துக்கு நேரே முகமூடி இல்லை.

குச்சி முகமூடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கையில் முகமூடி, ஒரு கையில் ஜூஸ். கைப்பை எங்கே? முந்தானை யார் பொறுப்பு? கடைசியில் ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டேன். அதைப் பார்த்து இரண்டு பேர் எங்கே வாங்கினாய் என்று விசாரித்தார்கள்.

சாப்பாடு பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சூப் வந்தது, மேசை எண்ணைப் பெயராக வைத்திருக்கும் அண்ணன் சொன்னபடி எல்லாரும் கழற்றி வைத்தார்கள். உப்பு போடவில்லை.

விளையாட்டு என்றாரே, அதற்குப் பெயர் ஹெட்ஸ் அண்ட் டெயில்ஸ். ஐந்து பவுண்டு கொடுத்துவிட்டு முந்நூறு பேரும் எழுந்து நிற்க வேண்டும். மேடையில் ஒருவர் காசைச் சுண்டுவார். தலை விழும் என்று நினைத்தால் இரண்டு கையையும் தலையில் வைக்க வேண்டும். பூ என்றால் இரண்டு கையையும் பின்புறத்தில். தப்பானவர் உட்கார வேண்டியதுதான். நான் கூச்சத்தில் தலையிலேயே கை வைத்துக்கொண்டு நின்றேன், நாலு தடவை தொடர்ந்து தலையே விழுந்தது. கடைசியில் ஐந்து பேர். கூடமே மாம்பழப் புடவையைப் பார்த்துக் கைதட்டுகிறது. ஐந்தாவது தடவை இதற்குமேல் தலை விழாது என்று துணிந்து அந்த டாக்டருக்கு முதுகு காட்டி நின்றபடி பின்னால் கை வைத்தேன். தலை விழுந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

அப்புறம் பேச்சு. ஹாஸ்பிஸிலிருந்து ஒரு நர்ஸ், என் வயதுதான் இருக்கும், கவுனுக்கு மேலே ஐ.டி. கார்டைக் கழற்ற மறந்து வந்திருந்தார். பெரிய வார்த்தை எதுவும் பேசவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு ஒருவர் மீனும் சிப்ஸும் கேட்டார், கடையெல்லாம் மூடியிருந்தது, சமையலறையில் இருந்ததை வைத்து நாங்களே பொரித்தோம், இரண்டு வாய் சாப்பிட்டார் என்றார். அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தால் என் தோழி மேசையில் கிடந்த தன் பச்சை முகமூடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். இனிப்பு சாப்பிடும் நேரம், கூடத்தில் வேறு யாரும் போடவில்லை. நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் கணவர் இறந்துவிட்டார் என்பது தெரியும். எங்கே என்று மூன்று வருடத்தில் நான் கேட்டதே இல்லை. பதினொரு நாள் அங்கே இருந்தாராம்.

பிறகு கழிவறையில் கண்ணாடி முன்னால் முகமூடியைக் கழற்றினார். காகிதக்கூழ் டீச்சர், நீங்கள் சொன்னதை நான் அவரிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. இரண்டு கன்னத்திலும் பச்சைச் சாயம் கோடு கோடாக இறங்கியிருந்தது. டிஷ்யூவால் துடைத்தால் பரவுகிறது. கடைசியில் என் கைப்பையில் இருந்த தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்தேன், முக்கால்வாசி போனது. துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "கோடையில் தோட்டத்தில் ஒரு டீ பார்ட்டி வைப்பார்கள், அதற்குமட்டும் நான் போவதில்லை. அங்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?" நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டேன்.

வெளியே வந்து "ராக் த போட்" என்று யாரோ கத்த, தரையில் வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போடும் கூத்துக்குத் தோழி என்னையும் இழுத்தார். பட்டுப்புடவையில் தரையில். உட்கார்ந்தேன்.

கணக்குப்பிள்ளை · திங்கள், பகல் 1.10

எவ்வளவு செலவு?

இரவுப்பணி · திங்கள், பகல் 1.30

கேட்பீர்கள் என்று தெரியும். டிக்கெட் 75. விளையாட்டு 5. மேசையில் ஒரு கவர் வைத்திருந்தார்கள், கிஃப்ட் எய்ட் கட்டத்தோடு, அதில் 20, உங்களை நினைத்து டிக் செய்தேன். ராஃபிள் 10. க்ளோக்ரூம் 2. கேக் கூடைக்குக் கை தூக்கினேன், 45-க்கு மேல் தைரியம் வரவில்லை, வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

ராஃபிளில் நீங்கள் சொன்ன அதே ஷெர்ரி பாட்டில் எனக்கே விழுந்தது! நான் குடிப்பதில்லை. டாக்ஸி 12.30-க்கு என்று சொல்லி வைத்தும் 1.10-க்குத்தான் வந்தது. குளிரில் செருப்புக்கால் விறைத்துப்போனது, தெர்மல் மட்டும்தான் காப்பாற்றியது, அக்கா வாழ்க. டிரைவரிடம் பாட்டிலை நீட்டினேன். பாகிஸ்தான் பக்கத்து மீர்பூர்க்காரர், சிரித்துக்கொண்டே "நானும் குடிப்பதில்லை சிஸ்டர்" என்றார். இப்போது வீட்டில் சமையலறை ஜன்னலோரம் நிற்கிறது.

பதினான்காம் மேசை · திங்கள், மாலை 5.45

உப்பு இல்லாத சூப்புக்கு எங்கள் தொழில் சார்பில் மன்னிப்பு. ஷெர்ரியை வைத்திருங்கள், அடுத்த வருஷ ராஃபிளுக்குப் பரிசாகக் கொடுத்துவிடலாம். பாதிப் பாட்டில்கள் அப்படித்தான் ஊரைச் சுற்றுகின்றன. ஒரு பாட்டிலை மூன்று வருடம் அடுத்தடுத்து நானே மேசைக்குத் தூக்கி வந்திருக்கிறேன், லேபிளில் ஒரு கீறல் இருந்ததால் அடையாளம் தெரிந்தது.

காகிதக்கூழ் · திங்கள், இரவு 8.15

முகமூடியை அவர் தூக்கிப்போட்டுவிட்டாரா? இல்லை என்றால் எனக்கு அளவு மட்டும் அனுப்புங்கள். நெற்றியின் அகலம், இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரம். கூழில் ஒன்று செய்து அனுப்புகிறேன். உள்ளே பருத்தி வைத்து.

வல்லைவெளி · திங்கள், இரவு 9.00

படம் போடுங்கோ பிள்ளை. கொண்டையில் ஊசி எப்படி இருந்தது என்று பாக்க வேணும்.

இரவுப்பணி · செவ்வாய், காலை 8.50

அளவு எடுத்து அனுப்புகிறேன் டீச்சர், நாளை அவருக்கும் எனக்கும் ஒரே ஷிஃப்ட்.

படம் இங்கே போட முடியாது அக்கா, அவர் முகம் இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். நானும் அவரும் ஆடி முடித்து வேர்த்து நிற்கும் படம், இரண்டு பேர் கையிலும் முகமூடி. உடனே போன் வந்தது. புடவை நல்லா இருக்கு, ப்ளீட்ஸ் கொஞ்சம் தூக்கிக் கட்டியிருக்கலாம், கொண்டையில என்னடி கம்பி, எல்லாம் சொல்லிவிட்டு, "அந்த அம்மா கன்னத்துல என்ன பச்சையா?" என்று கேட்டாள்.

சாயம்மா என்றேன்.